ஊதா அக்கா தப்பாகச் சொன்ன நிறம்

ஊதா அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆஸ்பத்திரி லேபில் சாயம் போட்டுக் கிருமி பார்க்கிற வேலை அவளுக்கு. வலது கைக் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் நகக்கண் வரைக்கும் கத்தரிக்காய் நிறம். சோப்புக்கும் போகாது, ஸ்பிரிட்டுக்கும் போகாது. ஒருதரம் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இது என்னம்மா, பரம்பரையா?" என்று கேட்டாள். "இல்லைங்க, ரெண்டு நாள் லீவு விட்டா கொஞ்சம் வெளுக்கும்" என்றாள் இவள். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்கப்புறம் இவளும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை, எடுத்தவர்களையும் சும்மா விடவில்லை.

அவளை அந்தப் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது சித்தப்பா. சித்தப்பா என்றால் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி இல்லை, அப்பாவுடைய சின்னம்மாவின் நடு மகன். ஆனால் கூடப்பிறந்தவன் செய்யாததைச் செய்த மனுஷர். அது என்ன படிப்பு என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "எங்க அண்ணன் மக கண்ணுக்குத் தெரியாததைப் பாக்கிற படிப்பு படிக்குது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "அப்ப ஜோசியமா?" என்று கேட்டவர்களும் உண்டு.

ஜோசியத்தில் தப்பினால் ஜோசியக்காரனுக்கு ஒன்றும் ஆகாது. இந்த வேலை அப்படி இல்லை. சளியோ சீழோ முதுகுத்தண்டு நீரோ எது வந்தாலும் அதில் ஒரு துளியை ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் தடவுவாள். தீயில் லேசாக வாட்டுவாள். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள். பாக்டீரியாவில் சிலது கடுகு மாதிரி உருண்டை. சிலது தீக்குச்சியை ஒடித்துப் போட்ட மாதிரி குச்சி. சிலது கால்புள்ளி மாதிரி வளைந்திருக்கும், சிலது திருகுக் கம்பியாகச் சுருண்டு கிடக்கும். உருவத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்றும் பார்க்கவேண்டும். உருண்டையிலேயே ஒன்று மணிமாலையாகக் கோத்துக்கொண்டு நிற்கும், ஒன்று திராட்சைக் கொத்தாகக் குவிந்திருக்கும், ஒன்று நாலு நாலாகச் சதுரம் கட்டும், ஒன்று இரண்டிரண்டாக ஜோடி போட்டிருக்கும்.

லேபுக்குப் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, "இதெல்லாம் ஒண்ணையொண்ணு தேடிப் போய் ஒட்டிக்குமா அக்கா?" என்று கேட்டாள்.

"தேடிப் போய்ச் சேர்த்து வைக்க அதுங்களுக்கு என்ன தரகரா இருக்காரு? ஒண்ணு ரெண்டாப் பிளக்கும். பிளந்தது விலகிப் போகாம அங்கேயே நிக்கும். பாகம் பிரிச்ச அண்ணன் தம்பிங்க ஒரே காம்பவுண்டுல குடியிருக்கிற மாதிரி."

ஒரே வாக்கில் பிளந்துகொண்டே போனால் மாலை. கண்டபடி எல்லாப் பக்கமும் பிளந்தால் கொத்து. பாகக் கோடு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் குடும்பம் வளரும். இது அவள் சொல்கிற விதம். பாடப் புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம், விஷயம் இதுதான்.

அவள் வீடும் அப்படிப் பிளந்து நின்ற வீடுதான். அப்பா போனபிறகு அவளும் தம்பியும் பாகம் பிரித்தார்கள். மேல்மாடி இவளுக்கு, நடுமாடியும் கீழ்த்தளமும் தம்பிக்கு. தம்பிக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. ஊரில் உள்ள கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் ஏற்றி இறக்குகிறவன் தன் வீட்டில் மூச்சு வாங்கப் படியேறுவான். தம்பி மனைவி கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டுப் போய்ச் சாயந்தரம் கூட்டிக்கொண்டு போவார்கள். சுத்தத்துக்குப் பேர் போனவள். வாசலில் செருப்பை யாராவது கோணலாக விட்டால்கூட நேராக்கிவிட்டுத்தான் பேசுவாள். அவர்களுக்கு ஒரே பெண், மிளகு என்று கூப்பிடுவார்கள். ஆள் சிறிசு, வாய் பெரிசு. "அத்தை, நீ கழுவாத கையா, கழுவின கையா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேல்மாடிக்கு ஏறி வருவாள்.

நாத்தனாரும் தம்பி மனைவியும் எலியும் பூனையும் என்று சொல்ல முடியாது. ஒரே தட்டில் எண்ணெயும் தண்ணீரும் என்று வேண்டுமானால் சொல்லலாம். கலக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோடையின் கடைசியில் ஒரு நாள் முற்பகல். லேபில் அவள் தனியாக இருந்தாள். அங்கே அவளுக்கு மூத்தவர் ஒருத்தர் உண்டு, சொட்டு அண்ணன் என்று பேர். எந்தச் சாயமும் எந்த மருந்தும் "ஒரு சொட்டு போதும்மா, ஒரு சொட்டு போதும்" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பேர் வந்தது. அவர் மருந்துக் கிடங்கில் புதுச் சாயம் வாங்கிவரப் போயிருந்தார். வார்டு ஆயா ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். உள்ளே முதுகுத்தண்டு நீர். தெளிந்த தண்ணீராக இருக்கவேண்டியது அரிசி கழுவின தண்ணீராகக் கலங்கியிருந்தது.

"உடனே பாக்கச் சொன்னாங்க, பெரிய டாக்டரம்மா. சின்னப் பிள்ளை. கழுத்து விறைச்சுப் போச்சு, கூப்பிட்டா கண்ணைத் திறக்கல" என்றாள் ஆயா.

குப்பியில் ஒட்டியிருந்த பேரை ஊதா அக்கா படித்தாள். மிளகின் பேர்.

முந்தின நாள் பிள்ளைக்குச் சுரம் என்று தெரியும். சுரம் வராத பிள்ளை உண்டா என்று வேலைக்கு வந்துவிட்டாள். இப்போது குப்பியைத் திருப்பி அந்தப் பேரை இன்னொரு தரம் படித்தாள்.

அந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு, எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் மீற மாட்டார்கள். சொந்தக்காரர் குப்பி வந்தால் மற்றவர் பார்க்கவேண்டும். ஏனென்றால் கண் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் இழுக்கும். சொட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் கிடங்கு வரிசையில் நின்றார். "வரேன், வரேன், நீ தொடாதே" என்றார். அவர் வருவதற்குள் என்ன ஆகுமோ! குப்பியை முறைத்துப் பார்த்தாள். பிறகு தொட்டாள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஸ்லைடின் நடுவில் நோயாளியின் துளி. அதன் இரண்டு ஓரத்திலும், லேபிலேயே வளர்த்து வைத்திருக்கிற, நிறம் தெரிந்த இரண்டு கிருமி. ஒரு ஓரம் ஊதா ஏறுகிற கொத்து, மறு ஓரம் சிவப்பு ஏறுகிற குச்சி. அவற்றுக்குச் 'சாட்சி' என்று பேர் வைத்திருந்தார்கள். சாட்சி இரண்டும் சரியான நிறத்தில் வந்தால் நடுவில் இருப்பதையும் நம்பலாம். சாட்சியை எடுத்துத் தடவக் குளிர்பெட்டியைத் திறக்கவேண்டும், குழாய் மூடியைத் தீயில் காட்டவேண்டும், நேரம் பிடிக்கும். அன்றைக்கு அவள் குளிர்பெட்டிப் பக்கமே போகவில்லை.

துளியைத் தடவினாள். வாட்டினாள். ஊதாச் சாயம் ஊற்றி வைத்தாள். கழுவினாள். அயோடின் ஊற்றினாள். அடுத்ததுதான் கத்திமேல் நடக்கிற காரியம். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஸ்பிரிட் விடவேண்டும். வழிகிற ஸ்பிரிட் முதலில் ஊதாவாக ஓடும், வர வர வெளுக்கும். வெளுத்தவுடனே நிறுத்திவிட வேண்டும். மேல்தோல் தடித்த கிருமி ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும், தோல் மெலிந்தது விட்டுவிடும். அதற்கப்புறம் போடுகிற சிவப்புச் சாயம் விட்டதன்மேல்தான் ஏறும். கண்ணிமைக்கிற நேரம் கூடுதலாக ஸ்பிரிட் விட்டால் தடித்ததும் ஊதாவைத் தோற்றுவிடும், பொய் நிறம் காட்டும். வருஷக்கணக்காக ஊதா அக்கா இதைத் தாரையைப் பார்த்தே செய்வாள்.

ஸ்பிரிட் ஊதாவாக வழிந்துகொண்டிருந்தபோது நடையில், "அக்கா!" என்று ஒரு குரல் கேட்டது. தம்பி. கைலியும் ஒட்டுப் போட்ட வேலைச் சட்டையுமாக, லிஃப்ட் கிரீஸ் கழுவாத கையோடு கதவருகே நின்றான். சின்ன வயசில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தபோது இப்படித்தான் கூப்பிட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா ஆகும்?"

"உள்ள வராதே, அங்கேயே இரு. பார்த்துச் சொல்றேன்."

குனிந்தாள். ஸ்பிரிட் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. எப்போது வெளுத்தது என்று தெரியவில்லை.

கழுவினாள், சிவப்புச் சாயம் போட்டாள், உலர்த்தி எண்ணெய்த் துளி வைத்து மைக்ராஸ்கோப்பில் ஏற்றினாள். சீழ் அணுக்களுக்கு நடுவே ஜோடி ஜோடியாக உருண்டைகள் கிடந்தன. நிறம் இளஞ்சிவப்பு.

இளஞ்சிவப்பு ஜோடி என்றால் என்ன என்று இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் தூக்கத்திலும் சொல்வார்கள். மூளையின் உறையைப் பிடிக்கிற கிருமி. மூச்சு வழியாக ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தாவும். கூட இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் மாத்திரை தரவேண்டும். கூட இருந்தவர்கள் என்றால், காப்பகத்துக் குழந்தைகள்.

போனை எடுத்தாள். பெரிய டாக்டரம்மாவே எடுத்தார்.

"சிவப்பு ஜோடி டாக்டர்."

"இடது காது உள்ள நல்லாச் சிவந்து சீழ் கட்டியிருக்கு. அதனால நான் வேற ஒண்ணை நினைச்சேன். ஊதா ஜோடியா இருக்கும்னு. நல்லாப் பார்த்தியாம்மா?"

"பார்த்துட்டேன் டாக்டர்."

"நிச்சயமா?"

அப்போது அவள் சொல்லியிருக்கலாம். சாட்சி போடவில்லை, கழுவும்போது கண் அங்கே இல்லை, பிள்ளை என் தம்பி மகள் என்று. ஆனால் இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இரண்டாம் முறை கேட்டதில்லை. போன மாதம்தான், இதே மாதிரி அதிகம் கழுவிவிட்ட இன்னொரு லேப்காரனை, "நீ துணி வெளுக்கப் போயிருக்கலாம்" என்று எல்லோர் முன்னாலும் கேலி பண்ணியிருந்தாள்.

"நிச்சயம்தான் டாக்டர்."

"சரி. கிருமிக்கு ஊசி போட்டாச்சு, அது ரெண்டுக்கும் கேக்கும். ஆனா ஊதா ஜோடிக்காகச் சேர்த்துப் போட்ட ரெண்டாவது ஊசியும், வீக்கம் அடக்குற மருந்தும் இனி வேண்டாம், அடுத்த வேளைக்கு நிறுத்திடறேன். சுகாதார ஆபீசுக்கும் சொல்லிடறேன்." போன் வைக்கப்பட்டது.

அதற்கப்புறம் நடந்தது காட்டுத்தீ. சுகாதார ஆபீஸ் ஆட்கள் முகமூடியும் மாத்திரைப் பெட்டியுமாகக் காப்பகத்துக்குப் போனார்கள். அவர்கள் போய்ச் சேருவதற்குள் சேதி போய்விட்டது. மிளகைத் தனி அறைக்கு மாற்றினார்கள். அறைக்கு வெளியே பெஞ்சில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். அடிப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். பிள்ளைகளின் தாய்மார்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தர்.

"தெரியாதுங்க... சத்தியமா நேத்து வரைக்கும் சாதாரண சுரம்தாங்க... மறைக்கலைங்க... உங்க பையன் பக்கத்துல அவ உக்காரவே இல்லைங்க... என் பிள்ளை உள்ள கிடக்குதுங்க, கொஞ்சம் பொறுங்க..."

லேபுக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு நடைதான். ஊதா அக்காவுக்கு எல்லாம் கேட்டது. "சுத்தம் சுத்தம்னு சொல்லி எங்க பிள்ளைக்கு எமனைக் கொண்டுவந்தியேடி" என்று போனுக்குள் யாரோ கத்தியதுகூடக் கேட்டது.

அவள் ஸ்லைடை எடுத்துவிடக்கூட இல்லை. ஆள் கதி கலங்கினால் கை தன் பழக்கத்துக்குப் போகும். மறுபடி குனிந்து பார்த்தாள். இந்தத் தடவை நிறத்தை விட்டுவிட்டு உருவத்தைப் பார்த்தாள்.

சிவப்பு ஜோடிக் கிருமி என்றால் இரண்டு அவரை விதை மாதிரி இருக்கும். தட்டையான பக்கம் ஒன்றையொன்று பார்த்து, குசுகுசுவென்று ரகசியம் பேசுகிற இரண்டு பேர் மாதிரி. இதில் தட்டை இல்லை. அகன்ற அடிப்பக்கம் உள்ளே, நுனி வெளியே. எண்ணெய் விளக்கின் இரண்டு சுடரை அடியோடு அடி ஒட்டி வைத்த மாதிரி. ஒவ்வொரு ஜோடியையும் சுற்றி ஒரு வெளுத்த வளையம் வேறு. இடத்தை மாற்றிப் பார்த்தாள். அங்கேயும் நுனி. இன்னொரு இடம். நுனி மாதிரி இருந்தது.

மாதிரி இருந்ததா, இருந்ததா?

அங்கேதான் அவளுக்கு வேர்த்தது. கூரான நுனி ஊதாக் கிருமிக்கு உரியது. காதிலிருந்து மூளைக்கு ஏறுகிற வகை; ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு இப்படித் தாவிக் கொள்ளைநோய் ஆகாது. அது உண்மையானால் காப்பகம் பிழைத்தது, நடையில் அழுகிறவள் பிழைத்தாள். அப்படி இருக்கவேண்டும் என்று இவள் மனசு ஆசைப்படுகிறது. ஆசைப்படுகிற கண்ணுக்கு அவரை விதையிலும் நுனி முளைக்கும். நுனி என்று சொல்லி, அது நிஜமாகவே அவரை விதையாக இருந்துவிட்டால்? மாத்திரைப் பெட்டியைத் திருப்பி அழைத்து, அத்தனை குழந்தைகளில் ஒன்று நாளைக்கு இதே கழுத்து விறைப்போடு வந்தால்?

அப்படியே பேசாமல் இருந்துவிட்டால்? மாத்திரை சாப்பிட்டால் யாருக்கும் கேடில்லை. கிருமிக்கான ஊசி எப்படியும் ஏறிவிட்டது. குப்பியிலிருந்து கொஞ்சத்தைக் கிருமி முளைக்க வைக்கிற வளர்ப்புத் தட்டிலும் போட்டாயிற்று, நாளைக்கு முளைத்துத் தானே உண்மை சொல்லும். யாரும் இவளைக் கேட்கப்போவதில்லை.

ஆனால் அந்தக் கிருமி காதைத் தின்னும். கூரான ஜோடி வந்துபோன வீட்டில் செவிடாகிப்போன பிள்ளைகளை அவள் இந்த ஆஸ்பத்திரியிலேயே பார்த்திருக்கிறாள். ரிசப்ஷன்காரியின் ஓரகத்தி மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. பேச்சும் போச்சு அவனுக்கு. வீக்கம் அடக்குகிற மருந்து அதைத் தடுக்கக் கொடுப்பது. அடுத்த வேளை மருந்து சாயந்தரத்துக்குள். டாக்டரம்மா நிறுத்துகிறேன் என்றது அதைத்தான்.

போனை எடுத்தாள். வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

"டாக்டர், நான்தான். நான் சொன்னதை நம்பாதீங்க."

"என்னம்மா சொல்றே?"

"நான் சாட்சி போடல. ஸ்பிரிட் விடறப்ப கண்ணை எடுத்துட்டேன். நிறம் போயிருக்கலாம். உருவத்தைப் பார்த்தா கூரா இருக்கிற மாதிரி இருக்கு. ஆனா அதையும் நம்பாதீங்க டாக்டர். அது என் தம்பி பொண்ணு. என் கண்ணு இன்னிக்கு எதுக்கும் ஆகாது."

திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

"மருந்து எதையும் நிறுத்தல, போடச் சொல்லிடறேன். மாத்திரை கொடுக்கிறவங்களையும் இப்ப நிறுத்தல. குப்பியில மீதி இருக்கா?"

"அடியில கொஞ்சம் இருக்கு."

"வேற ஆளை விட்டுப் போடச் சொல்லு. நீ தொடாதே. அப்புறம்..." குரல் கொஞ்சம் கடுத்தது. "நிச்சயமான்னு நான் ரெண்டு தடவை கேட்டேன்."

"ஆமா டாக்டர்."

டாக்டரம்மா போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

சொட்டு அண்ணன் சாயப் புட்டிகளோடு வேர்த்து விறுவிறுத்து வந்தார். "என்னம்மா, ஆஸ்பத்திரியே ஓடுது? தொடாதேன்னா தொட்டியாக்கும். அவசரக்காரிக்கு..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். மீதிப் பழமொழியை விழுங்கிவிட்டார். "தள்ளு" என்றார்.

குப்பியைச் சாய்த்தால் அடியில் ஈ நிற்கிற அளவு நீர் மின்னியது. கம்பி வளையத்தை உள்ளே விட்டு வழித்தார். ஒரு தடவல்தான் தேறியது. தவறினால் நாளைவரை இன்னொன்று கிடையாது. குளிர்பெட்டியிலிருந்து சாட்சிகளை எடுத்து இரண்டு ஓரத்திலும் வைத்தார். அவர் செய்வது ஒவ்வொன்றும் அவளுக்கு மெதுவாகத் தெரிந்தது. ஸ்பிரிட் புட்டியை எடுத்தபோது அவளை அறியாமல், "போதும், போதும்ணா" என்றாள்.

"இன்னும் ஊத்தவே இல்லைம்மா. வாயை மூடிட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

திரும்பி நின்றாள். சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு எழுத்தும் தலையில் ஏறவில்லை. பின்னால் தண்ணீர் சத்தம், உலர்த்துகிற விசிறி, நாற்காலி இழுபடுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. சொட்டு அண்ணன் பேசாமல் இருந்தால் ஏதோ சரியில்லை என்று அந்த லேபில் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே."

"இரு. சாட்சியைப் பாக்கறேன். இந்த ஓரம் கொத்து, ஊதா, சரி. அந்த ஓரம் குச்சி, சிவப்பு, சரி." விசையைத் திருகினார். "நடுவுக்கு வரேன். சீழ் நிறைய... எங்க ஒளிஞ்சிருக்கே... ஆங்."

"என்னண்ணே?"

"கரு ஊதா. ரெண்டு ரெண்டா நிக்குது. நுனி வெளிய. இடத்தை மாத்தறேன். இங்கேயும் அதேதான்." நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அவரை விதை இல்லைம்மா. காதுல இருந்து ஏறினதுதான். டாக்டரம்மா நினைச்சதுதான் சரி. போய்ச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க."

அவர்தான் சொன்னார். சுகாதார ஆபீசுக்கும் சொன்னார்கள். மறுநாள் வளர்ப்புத் தட்டில் முளைத்ததும் அதுவே.

ஆனால் பிடித்த தீயை அணைக்கிறது பற்றவைத்த மாதிரி சுலபமா? தம்பி மனைவிக்கு யார் சொல்வது என்று வந்தபோது தம்பி, "நான் சொல்லிக்கிறேன்கா, நீ போ" என்றான். ஊதா அக்கா கேட்கவில்லை. நடைக்குப் போய்ப் பெஞ்சின் எதிரே நின்றாள்.

"அது தொத்துற வகை இல்லை. நான் முதல்ல தப்பாச் சொல்லிட்டேன். காப்பகத்துக்கு ஒண்ணும் ஆகாது."

தம்பி மனைவி நிமிர்ந்தாள். அழுது அழுது கண் இரண்டும் இடுங்கிப்போயிருந்தது. "தப்பான்னா?"

"அதிகம் கழுவிட்டேன். நிறம் மாறிடுச்சு."

"கழுவிட்டீங்களா." அவள் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்து மென்றாள். "இத்தனை நேரமா எத்தனை பேர் என்னைக் காறித் துப்பினாங்க தெரியுமா? என் பிள்ளை பிழைக்குமா பிழைக்காதான்னு இருக்கேன், இதுல ஊரான் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன்னு வேற பேர் வாங்கிக் குடுத்துட்டீங்க."

"ஆமா."

"ஆமாவா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"சொல்ல ஒண்ணும் இல்லை. என் தப்புதான்."

"போங்க. முதல்ல இங்கிருந்து போங்க அக்கா. நான் ஏதாவது சொல்லிடுவேன்."

அவள் போனாள். அன்று மீதி வேலையைச் சொட்டு அண்ணன் பார்த்தார். இவள் ஸ்லைடு கழுவினாள். இரண்டு வாரம் டாக்டரம்மா அவளைச் சாயம் போட விடவில்லை, பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். போன மாதம் இவளிடம் கேலி வாங்கிய லேப்காரன் வேண்டுமென்றே ஒருதரம் அந்தப் பக்கம் வந்து, "வெளுப்புக் கடை எப்ப திறப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதையும் வாங்கிக்கொண்டாள். சாயம் போட மறுபடி விட்டபோது அவள் சொல்கிற வரிசை மாறியிருந்தது. முன்னெல்லாம் நிறத்தில்தான் தொடங்குவாள். இப்போது முதலில் உருவம், அப்புறம் எப்படிச் சேர்ந்து நிற்கிறது, அப்புறம் சாட்சி சரியா, கடைசியாகத்தான் நிறம். நிறம் நம் கையால் ஏற்றுவது, உருவம் அது தானே கொண்டுவருவது என்பாள்.

மிளகு பிழைத்தாள். சுரம் இறங்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. கண்ணைத் திறந்து முதலில் கேட்டது தண்ணீர், இரண்டாவது கேட்டது தன் செருப்பு. காப்பகத்துக்குப் பாதிப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், மீதிப் பேர் வரவேயில்லை. வராத பாதியைத் தம்பி மனைவி இவள் கணக்கில்தான் வைத்திருந்தாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவாள், முகம் பார்க்க மாட்டாள்.

காது மட்டும் பாக்கி இருந்தது. கட்டிலில் படுத்திருந்த பிள்ளை சில சமயம் கூப்பிட்டதும் திரும்பும், சில சமயம் திரும்பாது. இயல்பிலேயே பிடிவாதக்காரி, எதை நம்புவது? வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் காது சோதிக்கிற அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தம்பிக்கு அன்று ஒரு லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டு அழைப்பு வந்துவிட்டது. தம்பி மனைவி தனியாகத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். லேப் வாசலைத் தாண்டும்போது நின்றாள். உள்ளே பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி, "காது பாக்கப் போறோம்" என்றாள்.

ஊதா அக்கா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் போனாள்.

சத்தம் புகாத சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிளகு. தலையைவிடப் பெரிய ஹெட்போன். "சத்தம் கேட்டா கையைத் தூக்கணும், கேக்கலேன்னா தூக்கக் கூடாது, சரியா?" என்று சோதிக்கிற பெண் சொல்லிவிட்டு வந்து விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்கள், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு.

முதலில் வலது காது. விசையை அழுத்தியதும் மிளகின் கை படக்கென்று எழுந்தது. மறுபடி. மறுபடி. மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்தாள், கை எழுந்துகொண்டே இருந்தது. தம்பி மனைவி மூச்சு விட்டாள்.

"இப்ப இடது."

அழுத்தினாள். கை எழவில்லை. மிளகு கண்ணாடிக்குள் எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குமிழைத் திருகி மறுபடி அழுத்தினாள். கை மடியிலேயே இருந்தது. தம்பி மனைவியின் விரல் பெஞ்சின் விளிம்பைப் பிறாண்டியது. மூன்றாம் முறை திருகினாள். அழுத்தினாள். ஊதா அக்காவுக்குக் கூப்பிடவேண்டும் போல இருந்தது, தொண்டை வரை வந்த பேரைப் பிடித்துக்கொண்டாள்.

கை எழுந்தது. பாதி தூரம், யோசித்து யோசித்து. பிறகு முழுசாக.

சோதிக்கிற பெண் இன்னும் பல தடவை ஏற்றியும் இறக்கியும் பார்த்தாள். "இடது கொஞ்சம் மந்தம். ரொம்ப இல்லை. வகுப்புல முன் வரிசையில உக்கார வைங்க, வலது பக்கம் டீச்சர் இருக்கிற மாதிரி. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். இந்த வியாதிக்கு இவ்வளவோட போனது பெரிசு."

"நான் தப்பாச் சொன்னதாலயா?" என்று ஊதா அக்கா கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. சோதிக்கிற பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை.

தம்பி மனைவிதான் பதில் சொன்னாள், கண்ணாடியைப் பார்த்தபடி. "மருந்து ஒரு வேளைகூடத் தவறலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் நாலு தடவை கேட்டேன்."

கதவு திறந்தது. மிளகு ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"கை தூக்க ஏன்டி அவ்வளவு நேரம்?" என்றாள் அவள் அம்மா.

"அந்தப் பக்கத்து மெஷின் முணுமுணுன்னு பேசுது" என்றாள் மிளகு. "வாயைத் திறந்து பேசச் சொல்லு அத்தை."